வேர்ல்விண்டுக்கு வந்த புது நினைவகம்

இன்று ஒரு சர்வரில் ராம் கூட்டுவது சிறிய வேலை. மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைக் கழற்றி, ஸ்லாட்டின் கொக்கிகளை விரித்துப் புதிய பட்டையை அழுத்தினால் முடிந்தது. 1953 ஆகஸ்டில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், எம்.ஐ.டி.யின் பார்ட்டா கட்டடத்தில் ஒரு கணினிக்கு நினைவகத்தை மாற்றினார்கள். அதற்கு முன்னால் நான்கு வருட உழைப்பு இருந்தது.

அந்தக் கணினியின் பெயர் வேர்ல்விண்ட். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், கடற்படை விமானிகளுக்குப் பயிற்சி தரும் கருவியாகத்தான் அதைத் திட்டமிட்டார்கள். தலைமை ஏற்றவர் ஜே ஃபாரெஸ்டர்; உடன் நின்றவர் ராபர்ட் எவரெட். 1949இல் சோவியத் யூனியன் அணுகுண்டை வெடித்துப் பார்த்ததும் நிலைமை தலைகீழானது. ரேடார் அனுப்பும் தகவலை உடனுக்குடன் கணக்கிட்டு, வரும் விமானம் எங்கே என்று சொல்லும் இயந்திரம் விமானப்படைக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே விடை வர வேண்டும். அந்த வேகத்தில் வேலை செய்ய அன்று வேர்ல்விண்டை விட்டால் வேறு வழியில்லை.

ஆனால் அதன் நினைவகம் காலை வாரியது. அது டி.வி. படக்குழாயின் இனத்தைச் சேர்ந்த கண்ணாடிக் குழாய்களால் ஆனது. குழாயின் உள்பரப்பில் எலெக்ட்ரான் கற்றை புள்ளி புள்ளியாக மின்னூட்டம் பதிக்கும், அதுதான் தகவல். ஒரு குழாயின் விலை ஏறக்குறைய ஆயிரம் டாலர், ஆயுளோ சுமார் ஒரு மாதம். நினைவகம் சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிழை செய்தது. அதைச் சீராக வைத்திருக்க மட்டும் தினமும் நான்கு மணி நேரம் போனது. வானத்தைக் காவல் காக்க வேண்டிய இயந்திரத்துக்கு இது எப்படிப் பொருந்தும்?

1949இல் ஒரு தொழில்நுட்ப இதழில் டெல்டாமேக்ஸ் என்ற காந்தப் பொருளின் விளம்பரம் ஃபாரெஸ்டரின் கண்ணில் பட்டது. காந்தமாக்கிய திசையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள் அது. அதில் சிறு வளையங்கள் செய்து, ஒரு திசைக்குப் பூஜ்யம், எதிர்த்திசைக்கு ஒன்று என்று கொண்டால் என்ன? ஆராய்ச்சி மாணவர் வில்லியம் பேப்பியன் சோதனையில் இறங்கினார். உலோக வளையம் மந்தமாக இருந்தது. ஃபெர்ரைட் எனப்படும் பீங்கான் வகை வளையம் வேகம் கொடுத்தது.

பாசிமணி கோர்த்ததுபோல வளையங்களைக் கம்பிகளில் கோர்த்து, நீளத்துக்கு 32, அகலத்துக்கு 32 என்று ஒரு தட்டு. பூஜ்யமோ ஒன்றோ ஆன ஒரு குறி ஒரு பிட்; கணினி ஒரே மூச்சில் கையாளும் பிட்களின் தொகுப்பு ஒரு சொல். சொல்லின் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு தட்டாக அடுக்கினார்கள். ஒரு நெடுக்குக் கம்பியிலும் ஒரு குறுக்குக் கம்பியிலும் பாதிப் பாதி மின்னோட்டம் விட்டால், இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டுமே திசை மாறும், மற்றவை அசையாது. ஆயிரம் வளையங்களுக்கு ஆயிரம் கம்பி தேவையில்லை, 64 போதும். என்னதான் பின்னால் வந்தாலும், இந்த யோசனையின் அழகுக்கு ஈடு குறைவு. ஒரு சிக்கல் மட்டும் உண்டு: படித்தால் பதிவு அழிந்துவிடும், உடனே திரும்ப எழுத வேண்டும். அதற்கும் சுற்று அமைத்தார்கள்.

ஓடிக்கொண்டிருந்த வேர்ல்விண்டில் கைவைக்கத் துணியாமல், இந்த நினைவகத்தைச் சோதிக்கவே தனிக் கணினி ஒன்றைக் கட்டினார்கள். கட்டியவர் கென் ஓல்சன், 1957இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர். சோதனை தேறியதும் பொறுமை போய்விட்டது. அந்த அடுக்கையே கழற்றி எடுத்து, ஆகஸ்ட் 8 அன்று வேர்ல்விண்டில் இணைத்தார்கள். செப்டம்பர் 5இல் இரண்டாவது அடுக்கும் சேர்ந்தது. மொத்தம் 2,048 சொற்கள், சொல்லுக்கு 16 பிட். இன்றைய கணக்கில் நான்கு கிலோபைட்.

அளவு பெரிய விஷயமில்லை. ஒரு சொல்லை எடுக்க 25 மைக்ரோவிநாடி ஆனது 9 ஆகக் குறைந்தது. கணினியின் வேகம் இரட்டிப்பானது. பராமரிப்பு நாளுக்கு நான்கு மணி நேரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. இரண்டு மணிக்கொருமுறை வந்த பிழை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றானது.

பிறகு உரிமைப் போர். ஹார்வர்டில் இருந்த ஆன் வாங், காந்த வளையங்களுக்குத் தனியே காப்புரிமை வைத்திருந்தார். ஃபாரெஸ்டரின் காப்புரிமைக்காக 1964இல் ஐ.பி.எம். எம்.ஐ.டி.க்கு 1.3 கோடி டாலர் கொடுத்தது. ஆனால் மிகச் சிறிய வளையங்களில் கம்பி நுழைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்த வேலை பின்னாளில் ஹாங்காங், தைவான் வரை போனது. இவ்வளவு பெரிய தொழிலைத் தாங்கிய கைகளுக்கு பெரும்பாலும் பெயர் இல்லாமல் போனது பெரும் அநியாயம்.

இந்தியாவிலும் அந்த வளையங்கள் பயன்பட்டன. பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணினிக்கு ஃபெர்ரைட் வளைய நினைவகம்தான். அங்கேயும் 2,048 சொற்கள், ஆனால் சொல்லுக்கு 40 பிட். அந்தக் குழுவை நடத்தியவர் சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன். 1970இல் இன்டெலின் 1103 சில்லு விற்பனைக்கு வந்த பிறகுதான் வளையங்களின் இடத்தைச் சிலிக்கான் பிடிக்கத் தொடங்கியது.