கம்மாளர் பெற்ற உரிமைகளும் கைவினைப் பற்றாக்குறையும்

தொழில்வல்லார் தொகை குறையுமிடத்து அவர்தம் கூலி உயர்தல் இயல்பு. இது பொருளியல் நூல்களால் மட்டும் அறியப்படுவதன்று. ஒரு வீடு கட்டி முடித்தார் அனைவரும் பட்டறிந்த உண்மையாகும். இடைக்காலத் தமிழகத்தில் இவ்வியல்பு எவ்வாறு வெளிப்பட்டது என்னும் வினா தனித்து ஆராயத்தக்கது. நம் கல்வெட்டுகளில் நெல்லளவும் காசளவும் குறிக்கப்பெறுகின்றன. ஆயினும், அவை பெரும்பாலும் அறக்கட்டளை நிறுவிய நாளில் வரையறுக்கப்பெற்ற அளவுகளே. ஆண்டுதோறும் ஏறி இறங்கும் கூலிக் கணக்குகள் அல்ல. ஆகவே, கைவினைஞர்க்கு இருந்த தேவையின் மிகுதியை வேறு சான்றுகளாலேயே உணர்தல் வேண்டும். அவர்கள் பெற்ற உரிமைகளும் வரிச்சலுகைகளும் அத்தகைய சான்றுகளாம் என்பதைக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வரவழைக்கப்பெற்ற வினைஞர்

தொழில் திறனை வெளியிடங்களினின்று பெறும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. மகதம், மராட்டம், அவந்தி, யவனம் ஆகிய இடங்களைச் சேர்ந்த வினைவல்லார் தமிழகக் கம்மியரோடு கூடிப் பணிபுரிந்ததை மணிமேகலை ஆசிரியர் சுட்டுகின்றார். காப்பியப் புனைவை வரலாற்றுப் பதிவாகவே கொள்ளுதல் பொருந்தாது. எனினும், அரிய வேலைக்கு அயலிடத்து வினைஞரைச் சேர்த்துக்கொள்ளுதல் கற்போர்க்கு வியப்பளிக்காத செய்தியாக அக்காலத்து இருந்தமை இதனாற் புலனாகும்.

சோழர் காலத்தில் இச்செய்தி கல்லிலேயே பதிவாகின்றது. கி.பி. 1010இல் குடமுழுக்குப் பெற்ற தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களினின்றும் 400 தளிச்சேரிப் பெண்டுகளை முதல் இராசராசன் கொணர்ந்து குடியேற்றினான். அவர்கட்குப் பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் வரையறுக்கப்பட்டது. நட்டுவர்க்கு அதனினும் மிகுதியாக இரண்டு பங்கு வழங்கப்பட்டது. தச்சர், கன்னார், தையற்காரர், குயவர் முதலியோரும் இப்பட்டியலில் இடம்பெறுகின்றனர். திறனுக்கேற்ப ஊதியம் வேறுபட்டமை இதனால் தெளிவாகின்றது. கோயிலைச் சமைத்த தலைமைச் சிற்பி குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என அரசன் பெயராலேயே சிறப்பிக்கப்பெற்றமையும் ஈண்டு நினையத்தக்கது.

இக்கல்வெட்டின் மற்றொரு விதி நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. பணியாளர் இறந்தாலும் வேற்றிடம் போய்விட்டாலும் அவர்க்கு அடுத்த உரிமையுடையார் அக்காணியைப் பெற்றுப் பணிசெய்தல் வேண்டும். அவ்வுரிமையாளர் தகுதியற்றவராயின் தகுதியுடையாரை அமர்த்திச் செய்வித்தல் வேண்டும். உரிமையாளரே இல்லாதொழியின், அத்தொழிலில் தகுதியுள்ளோரே தகுதியானவரைத் தேர்தல் வேண்டும் என்பது அவ்விதி. இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். பணியாளர் ஊர்விட்டுச் செல்லக்கூடும் என்பதை அரசு முன்னரே எண்ணியிருந்தது என்பது ஒன்று. பிறப்புரிமை மட்டுமே திறனுக்கு உறுதியாகாது என்பதையும் அரசு உணர்ந்திருந்தது என்பது மற்றொன்று.

2. கல்லில் உறைந்த கூலி

ஞாயிறும் திங்களும் உள்ளளவும் நிலைபெறுக எனக் கல்லில் வெட்டப்பட்ட நிவந்தத்தை எளிதில் உயர்த்த இயலாது. அந்நெல், குறிப்பிட்ட நிலத்தின் விளைவினின்றும் வருவது. நிலம் பெருகாதவரை நெல்லும் பெருகாது. ஆனால் கோயில்களோ பெருகின. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் உயர்ந்த கோபுரங்களும் பெருமண்டபங்களும் எழுந்தன. கல்லில் தொழில் செய்வாரையும் உலோகத்தில் தொழில் செய்வாரையும் பல ஊர்கள் ஒருங்கே வேண்டின.

இத்தொழில்களைக் கற்றற்குப் பல்லாண்டுகள் வேண்டும். மேலும், இன்ன தொழில் இன்னார்க்கே உரியது என்னும் வரையறையும் இருந்தது. கி.பி. 1118இல் இராசாசிரயச் சதுர்வேதிமங்கலத்துப் பட்டர்கள் நூல்களை ஆராய்ந்து, கட்டடக்கலை, தேர் செய்தல், கோபுரம் எடுத்தல் முதலியன இரதகாரர்க்குரிய தொழில்கள் எனத் தீர்ப்பளித்ததை உய்யக்கொண்டான் திருமலைக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. இத்தகைய வரையறை தொழிலாளர்க்குக் காப்பாக அமைந்தது. அதே வேளையில், தேவை மிகுந்த காலத்துப் புதியவர் அத்தொழிலிற் புகுதற்குத் தடையாகவும் அமைந்தது. ஆகவே நெல்லால் ஏற்ற இயலாத விலை வேறு வகையால் ஏறியிருத்தல் வேண்டும்.

3. செருப்பும் சங்கும் சாந்தும்

அவ்வேறு வகை யாது என்பதற்குக் கருவூர்க் கல்வெட்டு விடை தருகின்றது. கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் தாங்கிய அரசனது ஆணை அது. வெங்கால நாட்டுக் கம்மாளர் தம் நன்மைக்கும் தீமைக்கும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம், தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பன அதில் அளிக்கப்பெற்ற உரிமைகள். கொங்கு நாட்டின் பேரூர், மொடக்கூர் ஆகிய இடங்களிலும் இத்தகைய ஆணைகள் உள்ளன.

அளிக்கப்பட்ட உரிமை, அதற்கு முன்னர் மறுக்கப்பட்டிருந்ததைக் காட்டுமன்றோ? அரசர்க்கு மாளிகையும் இறைவனுக்குக் கற்றளியும் எழுப்பினோர் தம் வீட்டுச் சுவரில் சாந்து பூசவும் ஆணை பெறவேண்டியிருந்தது. இக்கொடுமையை மறைத்து, உரிமையளித்த அரசனை மட்டும் புகழ்தல் வரலாற்று நெறியாகாது.

இவ்வாணைகள் கைவினைஞர் பற்றாக்குறையால் எழுந்தன என்று கல்வெட்டில் யாண்டும் கூறப்படவில்லையே எனச் சிலர் தடை எழுப்பலாம். அது பொருத்தமான தடையே. சமூக மதிப்பு வேண்டிக் கம்மாளர் தாமே முயன்று பெற்ற வெற்றி இது எனக் கொள்ளவும் இடமுண்டு. ஆனால் இவ்விரு கருத்தும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. தாம் இன்றி வேலை நடவாது என்னும் நிலையிலிருப்போரின் வேண்டுகோளே அரசன் செவிக்கு எளிதில் எட்டும். தேவை அவர்க்கு வலிமை தந்தது. அவ்வலிமையை அவர்கள் மதிப்பாக மாற்றிக்கொண்டனர் எனக் கொள்வதே பொருத்தமாகும்.

4. குடிபெயர்வு என்னும் படைக்கலம்

விசயநகரக் காலத்தில் இம்மாற்றம் மேலும் தெளிவுறுகின்றது. தறியிறை, தட்டார்ப்பாட்டம் முதலிய வரிகளால் கைவினைஞர் அரசுக்கு வருவாய் ஈட்டித் தந்தனர். ஒரு நெசவாளர் குடி பெயர்ந்தால் துணி மட்டுமன்றி வரியும் அவர்களுடன் பெயரும். கி.பி. 1429இல் வரிக்கொடுமையை எதிர்த்து வலங்கை 98, இடங்கை 98 பிரிவினர் ஒன்றுகூடித் தாம் செலுத்தும் வரியளவுகளைத் தாமே வரையறுத்ததைக் கொறுக்கை முதலிய ஊர்க் கல்வெட்டுகள் அறிவிக்கின்றன. காஞ்சிபுரம், விரிஞ்சிபுரம், திருவண்ணாமலை ஆகிய இடங்களிலிருந்த கைக்கோளர் தண்டும் சங்கும் கொள்ளும் உரிமை பெற்றிருந்தனர். அவ்வுரிமை பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழுதிலம்பட்டுப் பகுதிக் கைக்கோளர்க்கும் அளிக்கப்பட்டது. ஓரிடத்தார் பெற்றதைப் பிறிதோரிடத்தார்க்கும் அளிக்க நேர்ந்தமை, நெசவாளர் பொருட்டுப் பகுதிகளிடையே நிலவிய போட்டியை உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

ஆங்கிலேய வணிகக் குழுவினரும் தொடக்கத்தில் இந்நெறியையே பின்பற்றினர். சென்னையில் கி.பி. 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்க்கெனச் சிந்தாதிரிப்பேட்டை நிறுவப்பட்டது. சின்னத் தறிப்பேட்டை என்பதே இவ்வாறு மருவியது என்பர். பிரசன்னன் பார்த்தசாரதி கி.பி. 2001இல் வெளியிட்ட நூலில், பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தினின்று விலகும் உரிமை பெற்றிருந்தனர் என்றும், அவர்தம் வாழ்க்கைத்தரம் பிரித்தானிய நெசவாளர்க்குத் தாழ்ந்ததன்று என்றும் வாதிடுகின்றார். வாழ்க்கைத்தரம் பற்றிய அவர் கணக்கை மறுக்கும் அறிஞரும் உளர். ஆயினும், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் குழுவினர் அரசியல் ஆட்சி பெற்றபின் நெசவாளரின் பேரம் பேசும் வலிமை நலிந்தது என்பது கருதத்தக்கது. செல்வதற்கு வேற்றிடம் இருந்தவரை கைவினைஞர்க்கு விலை இருந்தது. ஓராட்சியே எங்கும் பரவியதும் அவ்விலை வீழ்ந்தது.

5. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் போதரும். இடைக்காலத் தமிழகத்தில் திறனாளரின் விலையுயர்வு நெற்கூலியில் மட்டுமன்றி, மதிப்பிலும் வரிச்சலுகையிலும் தோன்றியது. அவ்வுயர்வுக்கு அடிப்படை, ஊர்விட்டு ஊர் பெயரும் அவர்தம் ஆற்றலே. பிறப்பால் மட்டும் தொழிலைக் காத்தல் இயலாது என்பதைத் தஞ்சைக் கல்வெட்டு அன்றே ஒப்புக்கொண்டது.

கி.பி. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பக்கலைப் பயிற்சிக்கூடம் தொடங்கியபோது, குடிவழியாக வந்த கலை கல்விச்சாலைக்குள் புகுந்தது. தகுதியுடையார் தகுதியுடையாரைத் தேர்க என்னும் பழைய விதிக்கு அது புதிய வடிவம் எனலாம். ஆனால் பயிற்சி மட்டும் போதாது. தொழில்வல்லார் கிடைக்கவில்லை, கூலி மிகுந்துவிட்டது என்னும் குறைகளைக் கேட்குந்தோறும், கருவூர்க் கம்மாளர் நெல்லை வேண்டாது செருப்பையும் சாந்தையும் பெற்றமை நினைவிற்கு வருதல் நன்று. கூலியோடு மதிப்பும் சேராத தொழிலிற்குத் தம் மக்களை அனுப்ப எவரும் முன்வாரார். அவ்வாறு ஒரு தலைமுறை விலகிய பின்னர், எத்துணைக் கூலி அளிப்பினும் அத்திறனை உடனே பெறுதல் அரிது.