வாசல் தேடி வந்த நூதனசாலை

நூதனம் என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். ஆயினும், பழமையிற் பழமையான பொருட்களைக் காத்து வைக்கும் இடத்தையே ஈழத்துத் தமிழர் 'நூதனசாலை' என்று அழைத்து வருகின்றனர். இஃது ஒரு பொருந்தாப் பெயர் போலத் தோன்றினும், சற்றுச் சிந்திப்பார்க்கு அதன் பொருத்தம் விளங்கும். முன்னர்க் கண்டிராத கண்ணுக்குப் பழமையும் புதுமையேயன்றோ? ஆனால், நூதனசாலைக்குப் போகமுடியாத பிள்ளை அப்புதுமையைக் காண்பது எங்ஙனம்? இக்கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டு கண்ட விடைகளுள் ஒன்று தொலைக்காட்சி வகுப்பு. அதன் வரலாற்றையும், முன்னேஸ்வரத்துப் பிள்ளைகளுக்கு அதனால் விளையக்கூடிய பயனையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

கொழும்பு நூதனசாலை, தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதி திறக்கப்பட்டது. பொலநறுவைச் சிவாலயத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கண்டெடுக்கப்பட்ட நடராசர், நாயன்மார் முதலிய வெண்கலப் படிமங்கள் அங்கே வைக்கப்பட்டன. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவற்றை ஆராய்ந்து, 1914ஆம் ஆண்டில் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். நூதனசாலைப் பொருள் படமாகி வெளியுலகிற் சென்றமைக்கு அது நல்லதோர் எடுத்துக்காட்டு. எனினும் அத்தகைய நூல் எத்தனை பிள்ளைகளின் கைக்கு எட்டும்? பாடநூலில் முத்திரையளவான படமாகவே இப்பொருட்களைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். சிலாபத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 80 கிலோமீற்றர். பஸ் கட்டணமும், ஒரு நாட் சாப்பாடும், அழைத்துச் செல்ல ஆசிரியரும் கிடைத்தாலன்றி அப்பயணம் ஏழைப் பிள்ளைக்குக் கனவேயாம்.

தொலைக்காட்சி இக்குறையைத் தீர்க்க வல்லது என்பதை மேலைநாட்டார் முதலிற் கண்டனர். அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலை 1951ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் 1952ஆம் ஆண்டிலும் இத்தகைய நிகழ்ச்சிகளைத் தொடங்கின. பி.பி.சி. நிகழ்ச்சியின் பெயர் 'விலங்கா, தாவரமா, கனியமா?' என்பதாகும். நூதனசாலையொன்று அனுப்பிய பொருளை அறிஞர் சிலர் கையிலேந்திப் பார்த்து, அஃது யாது, எந்நாட்டது, எக்காலத்தது என்று ஊகித்துக் கூறுவர். அவர்களுள் புகழ்பெற்றவர் சேர் மோர்ட்டிமர் வீலர். 1945ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்து, உரோமரோடு தமிழகம் நடத்திய வாணிபத்துக்குச் சான்று காட்டியவரும் அவரே. பேரறிஞர் ஒருவர் கண்முன்னே சிந்திப்பதைக் காண்பதும் ஒரு கல்வி என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று.

எனினும், பார்த்து மகிழ்வது வேறு. பாடங் கற்பது வேறு. இவ்வேறுபாட்டை நன்குணர்ந்து செயற்பட்டது டில்லி. அங்கே 1959ஆம் ஆண்டு செப்ரெம்பர் 15ஆந் திகதி தொலைக்காட்சி தொடங்கியது. 1961ஆம் ஆண்டில் பாடசாலை ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. ஆய்வுகூடமும் தேர்ந்த ஆசிரியரும் போதாத பாடசாலைகளுக்கு விஞ்ஞான பாடங்களைக் கொண்டு செல்வது அதன் நோக்கம். ஒளிபரப்புக்கு முன்னர் வகுப்பாசிரியர் பாடத்தை அறிமுகஞ் செய்வார். பின்னர் மாணாக்கரின் ஐயங்களைத் தீர்ப்பார். பெட்டி ஆசிரியருக்குத் துணையேயன்றி ஆசிரியராகாது என்பதே அம்முறையின் அடிப்படை. பின்னர் 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, இந்தியாவின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குச் செய்மதி மூலம் நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. காலைவேளை நிகழ்ச்சிகள் பாடசாலைப் பிள்ளைகளுக்கென அமைந்தன. செய்மதித் தொடர்பைப் பற்றி 1945ஆம் ஆண்டிலேயே எழுதிய ஆதர் சி. கிளார்க் அக்காலத்திற் கொழும்பில் வாழ்ந்தார். அவர் இல்லத்திலும் இந்திய விண்வெளி நிறுவனத்தார் ஓர் ஏற்பியை நிறுவினர். இலங்கைக்கெனத் தொலைக்காட்சி பிறக்குமுன்பே கொழும்பு வீடொன்றில் அக்கிராமப் பாடங்கள் தெரிந்தன என்பது வியப்பன்றோ!

நம் நாட்டில் 1979ஆம் ஆண்டில் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982ஆம் ஆண்டில் யப்பான் நாட்டின் உதவியுடன் ரூபவாஹினியும் தோன்றின. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தொலைக்காட்சி வழியே பாடங்கள் நடத்தப்பட்டன. வீட்டிற் பெட்டி உள்ள பிள்ளை கற்றது. இல்லாத பிள்ளை அயல்வீட்டு வாசலைப் பார்த்து நின்றது. வாசல் தேடி வருங் கல்வியும் எல்லா வாசலுக்கும் வந்துவிடுவதில்லை என்ற உண்மையை அந்நாட்கள் நமக்குக் கற்பித்தன.

இனி, நூதனசாலைப் பாடம் ஒன்று எவ்வாறு அமையலாம் என்பதற்கு ஓர் உதாரணம் காண்போம். கொழும்பு நூதனசாலையில் ஒரு மும்மொழிக் கல்வெட்டு உண்டு. சீனத் தளபதி செங்கோ கொண்டுவந்த அக்கல் 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வலப்பாதியிற் சீனம், இடப்பாதியில் மேலே தமிழ், கீழே பாரசீகம். சீனம் புத்தபிரானையும், தமிழ் தெனவரை நாயனாரையும், பாரசீகம் அல்லாவையும் போற்றுகின்றன. மூவர்க்கும் அளிக்கப்பட்டவை 1,000 பொன், 5,000 வெள்ளி முதலாய ஒத்த காணிக்கைகளே. 1911ஆம் ஆண்டில் அது காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது.

இக்கல்லை நேரிற் காண்போர்க்கு எழுத்துத் தெளிவாகத் தெரிவதில்லை. ஒளியைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடித்து, கமராவை அணுக்கமாகக் கொண்டு சென்றால், தேய்ந்த எழுத்தும் நிழல் பெற்று நிமிர்ந்து நிற்கும். இது தொலைக்காட்சியின் சிறப்பு. அதன் குறையும் உண்டு. திரையில் ஒரு காசும் ஓர் ஆளுயரப் படிமமும் ஒரே அளவினவாகத் தோன்றும். பொருளைச் சுற்றி நடந்து பார்த்தல் இயலாது. கேள்வி கேட்டால் திரை மறுமொழி கூறாது. ஆகவே அருகில் ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டும்.

அவ்வாசிரியர் முன்னேஸ்வரத்திற் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. செங்கோவின் கல் வந்த அதே பதினைந்தாம் நூற்றாண்டில், கோட்டை இராச்சியத்து மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு முன்னேஸ்வரத்துக்கு நிலமளித்த செய்தியைக் கூறுஞ் சாசனம் நம் கோயிற் கல்லில் உள்ளது. பௌத்த மன்னன் சிவன் கோயிலுக்கு அளித்த கொடை அது. போர்த்துக்கேயர் 1578ஆம் ஆண்டில் முன்னேஸ்வரத்தையும், 1588ஆம் ஆண்டில் தெனவரையையும் அழித்தனர். தெனவரையின் பழைய கோயில் இன்று இல்லை. நாயனார் பெயர் தாங்கிய கல் நூதனசாலையில் நிற்கிறது. முன்னேஸ்வரமோ, கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் 1753ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டு, இன்றுந் தமிழரும் சிங்களவரும் கூடி வணங்குந் தலமாக விளங்குகின்றது. கொழும்புக் கல்லைத் திரையிற் கண்ட பிள்ளை, அன்று மாலையே நம் கல்லை நேரிற் காணலாம்! நூதனசாலைக் கல்லுக்கு இல்லாத கோயில் நம் கல்லுக்கு உண்டு என்பதை அப்பிள்ளை உணருமாயின், அப்பாடம் நிறைவுபெற்றதாகும்.

ஆயினும் கோயிற் கல்லைப் பாதுகாக்கக் கண்ணாடிப் பேழையோ காவலாளியோ இல்லை. கற்பூரப் புகையும், எண்ணெயும், வர்ணப்பூச்சும், திருப்பணி வேளையில் அறியாமையால் விழும் உளியும் அந்நியர் படையினும் அமைதியாகக் கல்வெட்டுக்களை அழிக்க வல்லன. அதனைக் காப்பது அதன் அருமையை அறிந்த கண்களே.

ஆதலின் இளைஞர்காள், நாம் செய்யத்தக்கது பெரிய காரியமன்று. பெட்டியில்லாப் பிள்ளைகளைச் சங்க மண்டபத்திற்கு அழைத்து ஒளிபரப்பைக் காட்டுவோம். முன்னும் பின்னும் அரைமணி நேரம் விளக்கஞ் சொல்வோம். பின்னர் அப்பிள்ளைகளைக் கைபிடித்துக் கோயிற் கல்லருகே நிறுத்தி, அறிந்த எழுத்தைத் தேடச் செய்வோம். பழைய உறுதிகளும் புகைப்படங்களும் வைத்திருக்கும் முதியோர், அவற்றின் கதையைப் பிள்ளைகளுக்குக் கூறி உதவுவாராக. தூரத்துப் பொருளை அருகிற் காட்டுவது திரையின் தொழில். அருகிலுள்ள பொருளைக் காணக் கற்பிப்பது நமது கடன். அக்கடனை ஆற்ற முயல்வோமாக.