பெயர் ஏன் வரவில்லை? – இந்தியத் தொழிற்கல்வியில் வலைப்பக்கமும் வகுப்பறை மொழியும்

என் ஆய்வுக்காக ஹைதராபாத்தில் உள்ள அரசு ஐடிஐ ஒன்றின் கணினி வகுப்பில் சில வாரங்கள் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். 'கணினி இயக்குநர் மற்றும் நிரலாக்க உதவியாளர்' என்பது அந்தப் பிரிவின் முழுப்பெயர். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து நாடு முழுவதும் 'கோபா' என்றே அழைக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், ஓராண்டுப் படிப்பு. வகுப்பில் இருபதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். பாதிப்பேரின் வீட்டுமொழி தெலுங்கு, மீதிப்பேருக்கு தக்கனி உருது.

அன்றைய பாடம் எச்டிஎம்எல். நோட்பேடைத் திறந்து, தலைப்பும் தம் பெயரும் கொண்ட ஒரு பக்கத்தை எழுதி, சேமித்து, உலாவியில் திறந்து பார்க்க வேண்டும். எல்லோரும் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் தெலுங்கில் எழுதினாள். சேமிக்கும்போது திரையில் ஆங்கில அறிவிப்பு ஒன்று வந்தது. மற்ற அறிவிப்புகளைப் போல அதற்கும் 'ஓகே'யை அழுத்தினாள். உலாவியில் தலைப்பு சரியாக வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன.

"சார், நா பேரு எந்துக்கு ராலேது?" என்று கேட்டாள். 'என் பெயர் ஏன் வரவில்லை?'

ஆசிரியர் நல்லவர், ஆனால் வகுப்பு முடிய பத்து நிமிடமே இருந்தது. "இப்போதைக்கு இங்கிலீஷில் எழுதும்மா, பரீட்சைக்கு அது போதும்" என்று சொல்லி அடுத்த கணினிக்கு நகர்ந்தார்.

அவளுடைய கேள்விக்குத் தொழில்நுட்ப விடை எளியது. அந்த ஆய்வகத்தில் இருந்தவை விண்டோஸ் 7 காலத்துக் கணினிகள். அவற்றில் நோட்பேட் எந்தக் கோப்பையும் 'ஆன்சி' என்னும் பழைய குறிமுறையில்தான் இயல்பாகச் சேமிக்கும். தெலுங்குக்கோ தமிழுக்கோ விண்டோசில் ஆன்சி அட்டவணை வகுக்கப்பட்டதே இல்லை. இம்மொழிகள் யூனிகோட் வழியாக மட்டுமே அதற்குள் வந்தன. ஆகவே அட்டவணையில் இல்லாத ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாக மாற்றப்பட்டது. அவள் 'ஓகே' சொன்ன அறிவிப்பு, 'இப்படிச் சேமித்தால் இந்த எழுத்துகள் அழிந்துபோகும்' என்றுதான் எச்சரித்தது. தெலுங்கு அழியப்போகும் செய்தி ஆங்கிலத்தில் வந்தது.

வரலாற்று விடை அவ்வளவு எளியதன்று. அதற்கு 1847 வரை பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

*

கங்கைக் கால்வாய் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அதற்கு வேண்டிய பணியாளர்களை உருவாக்க 1847-இல் ரூர்க்கியில் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. வடமேற்கு மாகாணங்களின் துணைநிலை ஆளுநராக இருந்த ஜேம்ஸ் தாமசனின் பெயர் பின்னர் அதற்குச் சூட்டப்பட்டது. மாணவர்கள் தொடக்கத்திலேயே 3 துறைகளாகப் பிரிக்கப்பட்டனர். முதல் துறை பொறியாளர் பதவிக்கானது, ஆங்கிலத்தில் நடந்தது. இரண்டாவது, ஐரோப்பியப் படைவீரர்களை மேற்பார்வையாளர்களாக ஆக்குவதற்கானது. மூன்றாவது, இந்திய இளைஞர்களுக்கு நில அளவையும் மட்டம் பார்த்தலும் வரைபடம் வரைதலும் கற்றுத் தருவது. அது அவர்களுடைய மொழியில் நடந்தது.

இந்திய மொழியில் நவீனத் தொழில்நுட்பம் நிறுவன அளவில் கற்பிக்கப்பட்ட தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று. நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்த மொழி எந்தப் படியில் வைக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். கணக்கிட்டுத் திட்டமிடுபவரின் மொழி ஆங்கிலம். சங்கிலி பிடித்து அளப்பவரின் மொழி இந்துஸ்தானி. மொழி இங்கே அறிவின் ஊடகமாக மட்டும் இருக்கவில்லை, பதவியின் எல்லைக்கோடாகவும் இருந்தது. இன்றைய பட்டம், டிப்ளமோ, ஐடிஐ என்னும் மூன்றடுக்கு அதன் நேரடி வாரிசு என்று சொல்லமாட்டேன்; இடையில் நூறாண்டுக்கு மேற்பட்ட கொள்கை மாற்றங்கள் உள்ளன. ஆயினும் சாயல் மறையவில்லை.

அந்த எல்லைக்கோட்டை அழிக்க நடந்த பெருமுயற்சி, நான் அமர்ந்திருந்த இதே ஹைதராபாத்தில்தான் நிகழ்ந்தது. 1917-இல் நிஜாம் அரசு ஒரு மொழிபெயர்ப்புக் கழகத்தை நிறுவியது. அடுத்த ஆண்டே உஸ்மானியா பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டது. மருத்துவமும் பொறியியலும் உட்பட உயர்கல்வி அங்கே உருதுவில் நடந்தது. மௌல்வி அப்துல் ஹக்கின் தலைமையில் அறிஞர்கள் கூடி, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் விவாதித்து முடிவு செய்தார்கள். கலைச்சொல்லாக்கத்தின் இலக்கணத்தையே வஹீதுத்தீன் சலீம் 1921-இல் ஒரு நூலாக எழுதினார். 1948-க்குப் பிறகு பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று.

உஸ்மானியாவைப் பொற்காலமாக வரைவதும் தவறு. அந்த அரசின் மக்களில் பெரும்பான்மையோரின் தாய்மொழிகள் தெலுங்கும் மராத்தியும் கன்னடமும். அவர்களுக்கு உருதுவும் இன்னோர் ஆட்சிமொழியே. ஆனால் இந்திய மொழி ஒன்று கீழ்ப்படியில் நிற்காமல் மேல்படியிலும் அமர முடியும் என்பதை அந்தப் பல்கலைக்கழகம் காட்டியது. அதற்கு என்ன செலவாகும் என்பதையும் காட்டியது: நிலையான பணம், முழுநேர மொழிபெயர்ப்பாளர்கள், அச்சகம், பல ஆண்டுகள்.

*

கணினி இந்தியாவுக்கு வந்தபோது மொழிக்கேள்வி எழவே இல்லை. 1955-இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு முதல் கணினி வந்தது. 1963-இல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்தது. 9 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டுதவியில் வளர்ந்த கான்பூரில்தான் நிரலாக்கம் முறையான பாடமாக வேரூன்றியது. அங்கே கற்பித்த வி. ராஜாராமனின் ஆங்கிலப் பாடநூல்கள் மலிவுப் பதிப்பாக நாடெங்கும் பரவின. அது உண்மையான மக்கள்மயமாக்கம்தான். ஆனால் ஆங்கிலம் படித்தோருக்குள் நடந்தது.

1980-களில் தேவை பெருகியது; பல்கலைக்கழகங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. எம்சிஏ என்னும் 3 ஆண்டு முதுநிலைப் படிப்பு தோன்றியது. வெளியே 1981-இல் என்ஐஐடியும் 1986-இல் ஆப்டெக்கும் தொடங்கின. எண்ணற்ற தெருமுனைப் பயிற்சி மையங்களுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று 1990-இல் மின்னணுவியல் துறையும் ஏஐசிடிஇயும் சேர்ந்து 'டோயாக்' திட்டத்தைக் கொண்டுவந்தன. 'ஓ', 'ஏ', 'பி', 'சி' என 4 நிலைகள். 'ஓ' அடித்தளம், 'பி' எம்சிஏ அளவு, 'சி' எம்.டெக் அளவு. கல்லூரியில் சேராதவரும் படியேற வழி இருந்தது. பலர் ஏறினார்கள், அதை மறுக்கக் கூடாது.

வலை வந்தபோது அது எந்தப் படியில் வைக்கப்பட்டது என்பதுதான் என் கேள்வி. 1995 ஆகஸ்டு 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்தது. சில ஆண்டுகளில் வலைப்பக்க வடிவமைப்பு பாடமாயிற்று. 'ஓ' நிலையில் அது ஒரு தாள். கோபாவில் எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும் அலகுகள். எம்.டெக் கணினியியலில் அது பாடமாகக் கருதப்படவே இல்லை. பொறியியல் மாணவர்கள் அதை விடுமுறையில் தாமாகக் கற்றுக்கொள்ளும் கைவேலையாக நினைத்தார்கள். ரூர்க்கியில் நில அளவைக்குக் கிடைத்த இடம் இங்கே வலைப்பக்கத்துக்குக் கிடைத்தது.

இதில் ஒரு முரண் உண்டு. நிரலாக்கத்தின் எல்லாத் துறைகளிலும் மனித மொழியோடு மிக நெருக்கமாக உரசுவது வலைப்பக்கம்தான். கணக்கிடும் நிரலுக்குத் தெலுங்கு தேவைப்படாமல் போகலாம். மக்கள் படிக்கும் பக்கத்துக்குத் தேவைப்படும். மொழிப் பிரச்சினை மிகுதியாக உள்ள வேலையை, மொழியைப் பற்றி எதுவும் சொல்லித்தராத பாடத்திட்டத்தோடு கீழ்ப்படிக்கு அனுப்பினோம்.

சொல்லித்தர வேண்டிய செய்தி இல்லாமலில்லை. இந்திய எழுத்துகளைக் கணினிக்குள் கொண்டுவரும் பணி கான்பூரில் தொடங்கி, புனேயின் சி-டாக்கில் வளர்ந்து, 'இஸ்கி' என்னும் குறிமுறையாக 1991-இல் தேசியத் தரமாயிற்று. அதன் 1988-ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியே யூனிகோட் இந்திய எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியது. அதன் அடிப்படை ஓர் ஒலியியல் பார்வை: எழுத்தின் உருவத்தைப் பதியாமல் அதன் உறுப்புகளைப் பதிவது. தெலுங்கில் 'ஸ்ரீ' என்று எழுதினால் கண்ணுக்கு ஓர் எழுத்து. கோப்புக்குள் மெய், மெய்யாக்கும் குறி, இன்னொரு மெய், உயிர்க்குறி என 4. அந்த மாணவியின் பெயர் அப்படித்தான் தொடங்கியது. திரையில் அந்த ஓர் எழுத்துக்கு நின்றவை 4 கேள்விக்குறிகள். தொல்காப்பிய மரபிலும் பாணினிய மரபிலும் பயின்ற மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் எது? ஆனால் மொழியியல் துறையில் நாங்கள் இதைப் படிப்பதில்லை. கணினிப் பிரிவில் அவர்களும் படிப்பதில்லை.

*

அந்த வகுப்பில் மொழியே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஆசிரியர் பேசியதை நான் பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டேன். "டேக் ஓபன் சேசி, மள்ளி க்ளோஸ் சேயாலி" என்பார் தெலுங்கில். உருது மாணவர் பக்கம் திரும்பினால் 'ஓபன் கர்கே' ஆகிவிடும். தமிழகத்தில் இதே வகுப்பு 'ஓபன் பண்ணி' என்று நடக்கும். பெயர்ச்சொல் ஆங்கிலம், அதைத் தாங்கும் வினையாக்கி நம்முடையது. முன்பின் உறவும் நிபந்தனையும் காரணமும், அதாவது நிரலாக்கச் சிந்தனையின் எலும்புக்கூடு முழுவதும், தெலுங்கு வினையெச்சங்களிலும் உருது இணைப்புச் சொற்களிலும்தான் இருந்தது.

உஸ்மானியா சொற்களை ஆக்கியது. இந்த ஐடிஐ ஆசிரியர் சொற்களைக் கடன் வாங்கிக்கொண்டு விளக்கத்தைத் தாய்மொழியில் ஆக்கினார். முதல் வழிக்குக் கழகம் வேண்டும். இரண்டாவதற்கு ஓர் ஆசிரியர் போதும். இரண்டாவது வழியின் குறை, அது எங்கும் எழுதப்படுவதில்லை. வகுப்பு முடிந்ததும் கரைந்துபோகிறது. சென்னையில் இயங்கும் தேசிய பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் ஐடிஐ பாடநூல்களை இந்திய மொழிகளிலும் வெளியிடுகிறது. அது அரிய பணி. ஆனால் பாடநூலின் மொழி வேறு, பாடம் புரியும் தருணத்தின் மொழி வேறு. பின்னதற்கு நம்மிடம் ஆவணமே இல்லை.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2021-இல் 8 மாநிலங்களின் 14 கல்லூரிகள் 5 இந்திய மொழிகளில் பொறியியல் கற்பிக்க முன்வந்தன. இவற்றையொட்டிய விவாதங்களில் 'இந்திய மொழிகளில் தொழில்நுட்பம் கற்பிக்க முடியுமா?' என்றே மீண்டும் மீண்டும் கேட்கிறோம். ரூர்க்கியின் மூன்றாம் துறை முதல் இன்றைய ஐடிஐ வரை அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. கீழ்ப்படியில் நடப்பதால் நாம் அதைக் கல்வியாக எண்ணவில்லை. மேல்படியில் புதிதாகத் தொடங்கும்போது, கீழே 175 ஆண்டுகளாகச் சேர்ந்த அனுபவத்தை ஒருவரும் கேட்பதில்லை.

*

அன்று வகுப்பு முடிந்தபின் அந்த மாணவியும் நானும் அதே கணினியில் அமர்ந்தோம். அழிந்த பெயரை மீட்க வழியில்லை. மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும். சேமிக்கும் பெட்டியின் அடியில் குறிமுறையை யுடிஎஃப்-8 என்று மாற்றினாள். பக்கத்தின் தலைப்பகுதியில் அதைக் குறிப்பிடும் 'மெட்டா சார்செட்' வரியைச் சேர்த்தாள். பெயர் வந்தது. மறுநாள் அவள் ஆசிரியரிடம் காட்ட, அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, எல்லோரையும் பழைய கோப்பைத் திறக்கச் சொன்னார். "இன்னிக்கு முதல்ல உங்க பேரை உங்க எழுத்துல கொண்டுவாங்க" என்பதுதான் அவர் தெலுங்கிலும் உருதுவிலும் சொன்னதன் பொருள். அன்று வலமிருந்து இடமாக ஓடும் உருதுப் பெயர்களும் திரையில் வந்தன. அவற்றைச் சரியான பக்கத்தில் நிறுத்தத் திசைக்கான பண்பு ஒன்று வேண்டும் என்னும் அடுத்த பாடம் தானாகப் பிறந்தது.

2019 முதல் விண்டோசின் நோட்பேட் யுடிஎஃப்-8-ஐயே இயல்பாகக் கொள்கிறது. புதிய கணினி வந்தால் அந்தக் கேள்விக்குறிகள் வாரா. அப்போது இந்தப் பாடமும் நினைவிலிருந்து போய்விடும்.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இத்தகைய பயிற்சி மையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஐடிஐகளிலும் படித்தவர்கள், கற்பிப்பவர்கள். பழைய குறிப்பேடுகள், ஆசிரியர் சொன்னதைத் தாய்மொழியில் ஓரத்தில் எழுதிவைத்த ஆங்கிலப் பாடநூல்கள், மையத்தில் அச்சடித்துத் தந்த தாள்கள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்தியாவில் நிரலாக்கம் எந்த மொழியில் புரிந்துகொள்ளப்பட்டது என்பதற்கு அவைதான் மூலச்சான்றுகள். பல்கலைக்கழக ஆவணக் காப்பகங்களில் அவை இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும்.