சிரைக்கு ஒரு வாசல்

'நரம்பே கிடைக்கவில்லை' என்று செவிலியர் சொல்லும்போது அவர் தேடுவது நரம்பை அன்று, சிரையை. சங்கப் பாடல்களில் யாழின் தந்திக்கும் வழங்கிய சொல், எங்கள் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பேச்சில் குருதிக் குழாய்க்கும் ஆகிவந்துவிட்டது. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுக்கும் பெண்களில் பலருக்குச் சில சுற்றுகளுக்குப் பின் அந்த 'நரம்பு' உண்மையிலேயே எளிதில் கிடைப்பதில்லை. மருந்து பட்டுப் பட்டுக் கைச்சிரைகள் இறுகிப் போகின்றன. அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றியிருந்தால் அந்தப் பக்கத்துக் கையில் ஊசி போடுவதைத் தவிர்ப்பது வழக்கம். எஞ்சுவது ஒரே கை. போதாக்குறைக்கு, இந்நோய்க்குப் பெரிதும் பயன்படும் டாக்சோரூபிசின் என்ற செந்நிற மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும்.

இதயத்தருகே உள்ள பெருஞ்சிரைக்கு நேர்வழி காணலாம் என்று காட்டியவர் ஜெர்மானியர் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929இல், மேலதிகாரியின் தடையை மீறித் தன் கைச்சிரை வழியே ஒரு குழாயை 65 செ.மீ. அளவுக்குச் செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், அதன் நுனி இதயத்தில் இருப்பதைப் படமெடுத்துக் கொண்டார். அன்று கிடைத்தது ஏச்சு. நோபல் பரிசு 1956இல்தான் வந்தது.

ஆயினும் நெடுநாள் தங்கும் குழாய்கள் புற்றுநோயாளிக்காகப் பிறந்தவை அல்ல. சியாட்டிலில் 1973இல் பிரோவியக் வடிவமைத்தது, உண்ண இயலாதவர்கள் வீட்டிலிருந்தபடியே சிரைவழி உணவு பெறுவதற்காக. கையிலிருந்து செலுத்தும் சிலிக்கோன் குழாயை (இன்றைய 'பிக் லைன்') 1975இல் ஹோஷல் விவரித்ததும் உணவுக்காகவே. மறு ஆண்டில் மிலான் நகரத்து பொனடோனா, மார்பக அறுவைக்குப் பின் மாதக்கணக்கில் மூன்று மருந்துகளைத் தருவதன் பயனை வெளியிட்டார். வீட்டுக்கும் மருத்துவமனைக்குமாக நடக்கும் நீண்ட சிகிச்சை பரவியபோது நிலையான வாசலின் தேவையும் பெருகிற்று. 1979இல் ஹிக்மன் குழாய். 1982இல் நீடர்ஹூபர் குழுவினர் விவரித்த, தோலுக்கடியில் முழுதும் மறைந்திருக்கும் சிறு பெட்டி. அதைத்தான் நாம் 'கீமோபோர்ட்' என்கிறோம்.

இவற்றுள் எது சிறந்தது? பிரிட்டனில் 1061 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2021இல் லான்செட் இதழில் வந்தது. போர்ட்டையும் பிக் லைனையும் ஒப்பிட்டதில், சிக்கல் நேர்ந்தவர்கள் முறையே 32, 47 விழுக்காடு. போர்ட்டுக்குச் செலவு கூடுதல். வைக்கவும் எடுக்கவும் சிறு அறுவை வேண்டும். சில சுற்றுகளே தேவைப்பட்டு, சிரையும் நன்றாக இருந்தால் எதுவுமே வேண்டியிராது. ஓராண்டு ஊசி தொடர வேண்டியவருக்குக் கணக்கு வேறு.

எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை சுமார் 75 கி.மீ.; இராஜபாளையம் இன்னும் 11 கி.மீ. தள்ளி. பிக் லைனின் வெளிவாயில் ஒட்டும் கண்ணாடி போன்ற படலத்தை வாரம் ஒருமுறை மாற்றவேண்டும். பருத்தித் துணிக்கட்டு என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்து வெளியூர்களுக்கெல்லாம் போவது இந்த பேண்டேஜ் துணிதான்! துணிக்குப் பஞ்சமில்லை, கை கழுவி, கிருமி சேராமல் கட்டை மாற்றத் தெரிந்த ஆள் அருகில் இருக்கிறாரா என்பதே கேள்வி. நூற்பாலை ஷிப்டுக்குப் போகிறவர் கையில் தொங்கும் குழாயோடு எப்படி வேலை செய்வார் என்று எத்தனை மருத்துவர்கள் கேட்கிறார்கள்? நான் மருத்துவம் படித்தவனல்லன். ஆனால் சாதனத்தைத் தேர்வதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி இது என்று எனக்குப் படுகிறது.

போர்ட்டில் இந்தத் தொல்லை குறைவு. ஊசி இல்லாத நாளில் குளிக்கலாம், வேலைக்குப் போகலாம். ஆனால் சிகிச்சை ஓய்ந்த பின்னும் அது உள்ளே இருக்கும்வரை, அடைத்துக்கொள்ளாதிருக்க நான்கு வாரத்துக்கு ஒருமுறையோ, மருத்துவர் சொல்லும் இடைவெளியிலோ தனி ஊசி கொண்டு கழுவிவிட வேண்டும். சில நிமிட வேலை. அதை உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே செய்யப் பழகிய ஒரு செவிலியர் இருந்தால், மதுரைப் பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் அந்தப் பெண்ணுக்கு மிஞ்சும்.