டீ குடித்துவிட்டு வருவதற்குள்

போன வாரம் பேரன் புது லேப்டாப் வாங்கினான். "பழசைவிட வேகமாடா?" என்று கேட்டேன். "இருக்கும் தாத்தா, பெரிசா வித்தியாசம் தெரியல" என்றான். எங்கள் காலத்தில் வித்தியாசம் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்கள் பிரிவுக்கு முதலில் வந்தது எக்ஸ்டி வகைக் கம்ப்யூட்டர். ஐபிஎம் 1981-இல் கொண்டுவந்த பிசியிலும், 1983-இல் வந்த எக்ஸ்டியிலும் இருந்தது இன்டெல் 8088 சில்லு. வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். உள்ளே 16 பிட்டாக வேலை செய்யும். வெளியே தகவல் போய்வரும் பாதை 8 பிட்தான். பெரிய கூடத்துக்கு ஒற்றைக் கதவு வைத்த மாதிரி.

சம்பள நிலுவைப் பட்டியலை லோட்டஸ் 1-2-3-இல் ஏற்றி, எஃப்9 தட்டிவிட்டு டீக்கடைக்குப் போவோம். திரும்பி வந்தாலும் திரையின் மேல்மூலையில் 'வெயிட்' என்ற சொல் மின்னிக்கொண்டிருக்கும்.

1984-இல் வந்த ஏடி கம்ப்யூட்டரில் 286 சில்லு, 6 மெகாஹெர்ட்ஸ். கணக்குப்படி கால் பங்குதான் கூடுதல். ஆனால் பாதை 16 பிட் ஆனது. 8088-இல் ஒரு பெருக்கலுக்குச் சுமார் 120 துடிப்புகள் ஆனால், 286-இல் சுமார் 20 போதும். 1989-இல் வந்த 486-இல் பல எளிய கட்டளைகள் ஒரே துடிப்பில் முடிந்தன. 8088-இல் 29,000 டிரான்சிஸ்டர்கள். 486-இல் ஏறத்தாழ 12 லட்சம்.

எங்கள் பிரிவு 286, 386 எதையும் பார்க்கவில்லை. எக்ஸ்டியிலிருந்து நேராக 486-க்குத் தாவினோம். முதல் நாள் அதே பட்டியலை ஏற்றி எஃப்9 தட்டினேன். நாற்காலியை விட்டு எழுவதற்குள் கூட்டுத்தொகை நின்றது. நம்பாமல் ஒரு பக்கத்தைக் கையால் கூட்டிப் பார்த்தேன். பைசா பிசகவில்லை.

மனக்கணக்கில் புலியான எங்கள் மூத்த எழுத்தர் பின்னால் நின்று பார்த்தார். "இனிமே டீ குடிக்கக்கூட நேரம் இல்லையா?" என்றார். எல்லோரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அடுத்து ஓய்வு பெற்றவர் இடமும் அப்படியே காலியாகக் கிடந்தது.

பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு 'ஒர்தினாத்தர்' என்று பெயர். 1955-இல் ஐபிஎம் பிரான்ஸ் கேட்டுக்கொண்டபோது லத்தீன் பேராசிரியர் ழாக் பெரே சொன்ன சொல் அது. ஒழுங்குபடுத்துபவர் என்று பொருள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு, கணக்குப் போடும் பொறிக்கு ஏன் அந்தப் பெயர் என்று நெடுநாள் விளங்கவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்தபோது விளங்கியது.

2004-இல் இன்டெல், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. சூடு ஒரு பெரிய தடை. அதன்பின் ஒரே சில்லில் பல மையங்களை வைக்கத் தொடங்கினார்கள். அதனால்தான் பேரனுக்குப் பழைய பாய்ச்சல் தெரியவில்லை. எனக்கு அந்தப் பாய்ச்சல் இன்னும் இனிக்கிறது. கூடவே அந்த மூத்தவர் முகமும் நினைவுக்கு வருகிறது.