யு தெருவின் அணையா அடுப்பு: பென் அலியும் வாஷிங்டன் நகரத்து உணவகமும்

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனின் வரலாறு பெரும்பாலும் வெள்ளை மாளிகை, நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகிய மூன்றைச் சுற்றியே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்நகரத்திலேயே பிறந்து, உழைத்து, மடிந்த கறுப்பின மக்களின் வாழ்வை அறிய விரும்புவோர், அக்கட்டடங்களுக்கு வடக்கே உள்ள யு தெருவைத்தான் நாட வேண்டும். அத்தெருவின் 1213ஆம் எண் கட்டடத்தில் 1958 முதல் இயங்கிவரும் ‘பென்ஸ் சில்லி பவுல்’ என்னும் சிறிய உணவகமும், அதைத் தம் மனைவியுடன் சேர்ந்து நிறுவி, அரை நூற்றாண்டுக்கு மேல் மூடாமல் காத்த பென் அலியும் இந்த வாரத்துக்குரிய பொருளாகின்றனர். அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் வரலாற்றில் தரப்படும் இடத்தில் ஒரு சிறு பங்கேனும் இத்தகைய உணவகக்காரர்களுக்கு உரியது என்பதை அவர்தம் வாழ்க்கை மெய்ப்பிக்கிறது.

மஹபூப் பென் அலி, 1927ஆம் ஆண்டு, அப்போது பிரித்தானியரின் ஆட்சியில் இருந்த கரீபியத் தீவான டிரினிடாடில், இந்திய வம்சாவளி முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இந்திய மக்கள் அத்தீவுக்குச் சென்று சேர்ந்த வழி ஒப்பந்தக் கூலி முறை எனப்படுவது. அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின் கரும்புத் தோட்டங்களில் ஏற்பட்ட ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டும் பொருட்டு, குறிப்பிட்ட ஆண்டுகள் உழைப்பதாகக் கைநாட்டு வாங்கிக்கொண்டு ஏழைகளைக் கப்பலேற்றி அனுப்பிய ஏற்பாடு அது. 1845 மே 30 அன்று ‘ஃபத்தேல் ரசாக்’ என்னும் கப்பல் முதல் கூட்டத்தாரை டிரினிடாடில் இறக்கியது. அம்முறை 1917இல் நிறுத்தப்படும் வரை 1,40,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்குச் சென்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட வட இந்தியர். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் தொகையில் சிறியவர்களாக இருந்து, அத்தீவில் ‘மதராசிகள்’ என்று அழைக்கப்பட்டனர். இவ்வாறு வேரோடு பெயர்க்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் வழிவந்தவரே, பின்னாளில் வேறொரு நாட்டில், வேரோடு பெயர்க்கப்பட்ட மற்றொரு மக்கள் கூட்டத்தின் நடுவே கடை விரித்தார்.

உயர்கல்விக்காக அமெரிக்கா சென்ற பென் அலி, முதலில் நெப்ராஸ்கா மாநிலத்தில் பயின்றபோது மின்தூக்கிக் குழிக்குள் விழுந்து முதுகெலும்பு முறிந்து, நெடுநாள் துன்புற்றார். உடல் தேறியபின் அவர் வந்து சேர்ந்த இடம் வாஷிங்டனின் ஹவர்ட் பல்கலைக்கழகம்; உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலை பெற்ற சூழலில், 1867இல் நிறுவப்பட்டுக் கறுப்பினத்தவரின் முதன்மையான கல்வி நிலையமாக வளர்ந்தது அது. அங்குப் பல் மருத்துவமும் பயின்ற அவர் அத்தொழிலைத் தொடராமல் உணவுத் தொழிலின்பால் திரும்பினார். யு தெருப் பகுதியில் கறுப்பினத்தவர் நடத்திய வங்கியில் காசாளராகப் பணியாற்றிய வர்ஜீனியா ராலின்ஸை அவர் சந்தித்து மணம் பேசியதும் அக்காலத்தில்தான். 1958 ஆகஸ்டு 22 அன்று இருவரும் சேர்ந்து கடையைத் திறந்தனர். திருமணம் அதே ஆண்டு அக்டோபரில் நடந்தது.

அவர்கள் தேர்ந்தெடுத்த தெருவின் தன்மையை அறியாமல் கடையின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது. இனப் பிரிவினை, அதாவது நிறத்தின் அடிப்படையில் பள்ளி, அரங்கு, உணவகம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து வைக்கும் முறை, வாஷிங்டனில் வலுவாக நிலவியது. நகரின் மையப் பகுதியில் இருந்த உணவகங்களில் கறுப்பினத்தவர் அமர்ந்து உண்ண முடியாது. இத்தனைக்கும், உண்ண வருவோரை நிறம் பார்த்துத் திருப்பி அனுப்பும் உணவகங்களுக்குத் தண்டம் விதிக்கும் சட்டங்கள் 1872, 1873 ஆகிய ஆண்டுகளிலேயே அந்நகரில் இயற்றப்பட்டிருந்தன; அவை நீக்கப்படாமலேயே வழக்கொழிந்து, சட்டத் தொகுப்புகளிலிருந்து மறைந்துபோயின. ஏறத்தாழத் தொண்ணூறு வயதை எட்டிய மேரி சர்ச் டெரல் என்னும் கறுப்பின மூதாட்டியார், தாம்சன் என்ற உணவகத்துக்குள் சென்று உணவு கேட்டு, மறுக்கப்பட்டு, அதன் வழியே எழுந்த வழக்கில், 1953ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அப்பழைய சட்டங்கள் இன்னும் உயிருடன் இருப்பதாகத் தீர்ப்பளித்தது. ஒரு வேளை உணவை அமர்ந்து உண்பதற்காக ஒரு மக்கள் கூட்டம் உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது என்பதை நினைவிற் கொண்டால், பென் அலி கடை திறந்தது அத்தீர்ப்புக்கு ஐந்தே ஆண்டுகளுக்குப் பின் என்பதன் பொருள் விளங்கும்.

மறுக்கப்பட்ட அந்நெடுங்காலத்தில் கறுப்பினத்தவர் தங்களுக்கென அமைத்துக்கொண்ட நகரமே யு தெரு. வங்கி, மருத்துவமனை, மருந்தகம், திரையரங்கு, இசைக்கூடம் என யாவும் அங்கே அவர்கள் கையால் நடந்தன. ஜாஸ் இசை மேதை டியூக் எலிங்டன் அப்பகுதியில் வளர்ந்தவர். 1922இல் திறக்கப்பட்ட லிங்கன் அரங்கு, பென் அலியின் கடைக்கு அடுத்தாற்போல் நிற்கிறது. கடை அமைந்த கட்டடமோ 1910இல் ‘மின்னஹஹா’ என்ற பெயரில் பேசாப் பட அரங்காகக் கட்டப்பட்டு, பின்னர் அந்நகரின் முதல் கறுப்பினத் துப்பறியும் காவலர்களுள் ஒருவரால் பில்லியர்ட்ஸ் ஆடும் கூடமாக மாற்றப்பட்டிருந்தது. அதை ஏறக்குறைய 5,000 டாலர் செலவில் சீர்படுத்தி, நீண்ட முகப்பு மேடையும் அதன் முன் வரிசையாக முக்காலிகளும் இட்டு, எதிரிலேயே சுடுகல்லை அமைத்தனர். சமைப்பவரும் உண்பவரும் முகம் பார்த்துப் பேசும்படி அமைந்த அவ்வமைப்பு, கடைக்கு ஒரு வீட்டின் இயல்பைத் தந்தது.

கடையின் பெயரில் உள்ள ‘சில்லி’ என்பது, கொத்திய மாட்டிறைச்சியை மிளகாய் முதலிய மசாலாப் பொருள்களுடன் நெடுநேரம் கொதிக்கவிட்டுச் செய்யும் கெட்டியான காரக் குழம்பு. ‘ஹாஃப் ஸ்மோக்’ என்பது வாஷிங்டன் நகருக்கே உரிய ஒரு தின்பண்டம்; பன்றி, மாடு ஆகிய இரு இறைச்சிகளையும் கரகரப்பாக அரைத்து, உறையில் அடைத்து, புகையூட்டிச் செய்யப்படும் அதைச் சுடுகல்லில் வாட்டி, மென்மையான ரொட்டிக்குள் வைத்து, கடுகு விழுதும் நறுக்கிய வெங்காயமும் இட்டு, மேலே அக்காரக் குழம்பை ஊற்றித் தருவர். குழம்பின் செய்முறையைப் பென் அலி குடும்பத்துக்கு வெளியே சொன்னதில்லை. பின்னிரவு வரை கடை திறந்திருந்தமையால், அரங்குகளில் பாடி முடித்த கலைஞர்கள் பசியுடன் வந்தனர். டியூக் எலிங்டன், மைல்ஸ் டேவிஸ், நாட் கிங் கோல் ஆகியோரும், உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கும் அங்கு உண்டனர். 1963 ஆகஸ்டு 28 அன்று நடந்த மாபெரும் வாஷிங்டன் பேரணிக்கு இக்கடையிலிருந்து உணவு இலவசமாக அனுப்பப்பட்டது.

1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸ் நகரில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அச்செய்தி எட்டிய மாலையிலேயே, கடையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள பதினான்காம் தெருவும் யு தெருவும் கூடும் சந்தியில் மக்கள் திரண்டனர். துயரம் சினமாகி, சினம் தீயாகி, நான்கு நாட்கள் நகரம் எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமுற்றன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். கூட்டரசின் படையினர் பல்லாயிரவர் வீதிகளில் நிறுத்தப்பட்டு ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அந்நாட்களில், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவராக முன்னர் விளங்கிய ஸ்டோக்லி கார்மைக்கேல், கடையைத் திறந்து வைத்திருக்கும்படி அலி தம்பதியரைக் கேட்டுக்கொண்டார். அதற்கு அதிகாரிகளின் இசைவும் கிடைத்தது. கார்மைக்கேலும் டிரினிடாடிலேயே பிறந்தவர் என்பது இங்கு எண்ணத் தக்கது: இந்தியரின் வழிவந்த ஒருவரும் ஆப்பிரிக்கரின் வழிவந்த ஒருவருமாக, ஒரே தீவின் மக்கள் இருவர் எரிந்துகொண்டிருந்த ஓர் அயல்நகரில் ஓர் அடுப்பை அணையாமல் காப்பதற்கு உடன்பட்டனர். கண்ணாடிச் சாளரத்தில் ‘ஆன்ம சகோதரன்’ என்னும் பொருள்படும் சொற்களைச் சோப்பால் எழுதி வைத்திருந்த அக்கடையில், போராட்டக்காரர்களும் காவலர்களும் தீயணைப்புப் படையினரும் உண்டு சென்றனர். எரிந்த தெருவில் யாவருக்கும் பொதுவாக ஓர் இடம் எஞ்சியிருந்தது என்றால், அது ஊரின் நம்பிக்கையை அந்தத் தம்பதியர் பத்தாண்டுகளில் ஈட்டியிருந்தமையால்தான்.

தீயைத் தாங்கிய தெரு, அதன் பின் வந்த தேய்வைத் தாங்கவில்லை. வசதி படைத்தோர் வேறிடங்களுக்குப் பெயர்ந்தனர், அரங்குகள் மூடப்பட்டன, எழுபதுகளில் ஹெராயின் வணிகம் தெருவோரங்களைக் கைப்பற்றியது. போதைப் பழக்கத்துக்கு ஆட்பட்டோர் இனிப்பை விரும்பித் தேடுவதைக் கண்டு, கடையில் கேக்குகளையும் இனிப்புப் பண்டங்களையும் விற்பதையே நிறுத்தினர். எண்பதுகளின் இறுதியில் வந்த சோதனை இன்னும் கொடியது: மெட்ரோ எனப்படும் சுரங்க ரயிலின் பச்சைத் தடத்துக்காகத் தெரு நெடுகப் பள்ளம் தோண்டப்பட்டு, கடையின் வாயிலுக்கு மக்கள் வந்து சேர்வதே அரிதாயிற்று. அண்டைக் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன. இக்கடையில் பணியாளர் எண்ணிக்கை ஒன்றாகச் சுருங்கியது. விற்றுவிட்டு விலகியிருந்தால் பென் அலியை எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். 1968இன் துணிவு புகழப்படும் அளவுக்கு இவ்வாண்டுகளின் பொறுமை புகழப்படுவதில்லை. எனினும், கூட்டம் இல்லாத கடையை நாள்தோறும் திறந்து, அடுப்பை மூட்டி, வராத வாடிக்கையாளருக்காகக் குழம்பு கொதிக்கவிட்ட அக்காலமே அவருடைய வாழ்வின் மிகப் பெரிய சாதனை என்று மதிப்பிடுவதற்கு இடமுண்டு.

1991 மே மாதம் யு தெரு ரயில் நிலையம் திறக்கப்பட்டது. தொண்ணூறுகளில் லிங்கன் அரங்கு மீண்டும் விளக்கேற்றியது. கைவிடப்பட்ட வீடுகளுக்குப் புதுக் குடிகள் வந்தனர். வாடகை உயர்ந்து, பழைய கறுப்பினக் குடும்பங்கள் பல வெளியேற நேர்ந்ததால், இம்மறுமலர்ச்சியை முழு வெற்றியாகக் கொள்ளுதல் சரியன்று. ஆயினும், புதிதாக வந்தோருக்குத் தெருவின் பழங்கதையைச் சொல்ல ஓர் இடம் அங்கே எஞ்சி நின்றது. 2004இல், ஒவ்வொரு வட்டாரத்தின் அடையாளமாக நிலைத்த உணவகங்களுக்கு அளிக்கப்படும் ‘அமெரிக்கச் செவ்வியல் உணவகம்’ என்ற விருதை ஜேம்ஸ் பியர்டு அறக்கட்டளை இக்கடைக்கு வழங்கியது. 2009 ஜனவரி 10 அன்று, குடியரசுத் தலைவராகப் பதவியேற்பதற்குப் பத்து நாட்களுக்கு முன், பராக் ஒபாமா நகர மேயருடன் வந்து, காரக் குழம்பிட்ட ஹாஃப் ஸ்மோக்கை உண்டார். உணவகங்களில் அமரும் உரிமைக்கு வழக்காடிய நகரில், முதல் கறுப்பினத் தலைவர் பதவியேற்குமுன் வந்து உண்ட இடம் அதுவாக அமைந்தது பொருத்தமே. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, எண்பத்திரண்டாம் வயதில், மூன்று மகன்களையும் பேரப்பிள்ளைகளையும் கண்டு நிறைந்த நிலையில் பென் அலி இயற்கை எய்தினார்.

அவருக்குப் பின் கடை கைமாறவில்லை. மகன்கள் முன்னரே நிர்வாகத்தை ஏற்றிருந்தனர். மருமகள்களும் உடன் உழைத்தனர். வான்கோழி இறைச்சியிலும் காய்கறியிலும் செய்த வகைகளும் விற்பனைக்கு வந்தனவேயன்றி, பழைய முக்காலிகளும் முகப்பு மேடையும் அகற்றப்படவில்லை. கடையை ஒட்டிச் செல்லும் சந்துக்கு ‘பென் அலி வழி’ என்று நகர மன்றம் பெயரிட்டுள்ளது. கடையின் வரலாற்றில் கணவருக்கு நிகரான பங்குடைய வர்ஜீனியா அலி, தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் அங்கு வந்து, உண்ண வருவோரை எதிர்கொண்டு வரவேற்று வந்தார்.

(தொடரும்)