மலைப்பக்கம், கடற்பக்கம்: ஹவாய் மொழியின் அன்றாடச் சொற்கள்

ஹொனலூலுவில் ஒருவரிடம் வழி கேட்டால் வடக்கே போ, தெற்கே போ என்று பதில் வருவது அபூர்வம். வங்கிக்கு மௌகா பக்கம், சாலைக்கு மகாய் ஓரம் என்பார்கள். மௌகா என்றால் மலையை நோக்கி. மகாய் என்றால் கடலை நோக்கி. ஹவாய் மொழியில் ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியாத ஜப்பானிய, பிலிப்பினோ வம்சாவளியினர் வாயிலும் இந்த இரண்டும் தினமும் புழங்குகின்றன. நடுவில் மலையும் சுற்றிலும் கடலுமாக இருக்கும் தீவில் இதுதான் வசதி. வடகரையில் நிற்பவருக்கு மலை தெற்கே. தென்கரையில் நிற்பவருக்கு வடக்கே. தண்ணீர் எங்கிருந்து எங்கே இறங்குகிறது என்பது மட்டும் எந்தக் கரையிலும் மாறாது. பழைய நிலப்பிரிவான அஹுபுஅ’அவும் இந்தப் போக்கில்தான் அமைந்தது. மலைமுகட்டில் தொடங்கி, ஓடையோடு இறங்கி, பவளப்பாறை வரை நீளும் ஒரு துண்டு நிலம் அது. மேலே மரம், நடுவே வயல், கீழே மீன்.

தீவு மொழிகளைப் பற்றி எழுதுபவர்கள் மழைக்கு இத்தனை சொல், காற்றுக்கு இத்தனை சொல் என்று கணக்குச் சொல்லி வியக்க வைப்பது வழக்கம். எனக்கு அந்தக் கணக்கில் பெரிய ஈடுபாடு இல்லை. எந்த இடத்தில் ஒரு சொல் இரண்டாகப் பிரிகிறது, அந்த இடத்தில் யாருக்கு என்ன வேலை இருந்தது என்று பார்ப்பதில்தான் ருசி இருக்கிறது.

அதற்கு முன் உறவுமுறை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு ஹவாய் மொழி முழுவதும் அந்நியமாக இராது. மலாயில் மீன் ஈக்கான், ஹவாயில் இ’அ. வானம் அங்கே லாங்கிட், இங்கே லனி. தீ அங்கே ஆப்பி, இங்கே அஹி. ஐந்து இரண்டிலும் லிமாதான். இரண்டும் ஆஸ்திரொனேசியக் குடும்பத்து மொழிகள். பழைய ககரம் ஹவாயில் தொண்டையை ஒரு நொடி அடைக்கும் ஒலியாகச் சுருங்கியது; இங்கே சொல் நடுவே வரும் ’ குறி அதுதான். பழைய தகரம் ககரமாயிற்று. மலாயின் கூத்து, அதாவது பேன், இவ்விரு மாற்றமும் பட்டு உகு ஆனது. 1879இல் மதீராத் தீவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சிறு நரம்புக் கருவிக்கு உள்ளூரார் வைத்த பேர் உகுலேலே. குதிக்கும் தெள்ளுப்பூச்சி என்பது அதன் பொருளாகச் சொல்லப்படுகிறது. வாசிப்பவரின் விரல்களைப் பார்த்தால் பொருத்தம்தான்.

இனி வயலுக்கு வருவோம். ஹவாயில் உணவு என்றால் முதலில் கலோ. நம் சேப்பங்கிழங்குதான், தாவரவியலிலும் அதே இனம். கால்வாய்க்கு அவுவாய், நீர் கட்டிய வயலுக்கு லோ’இ. கிழங்கு கலோ, தண்டு ஹா, இலை லூ’அவு. அறுவடையின்போது கிழங்கை வெட்டி எடுத்துக்கொண்டு, அதன் தலைப்பகுதியைச் சிறிது தண்டோடு விட்டுவைப்பார்கள். அதன் பேர் ஹுலி. மறுநடவுக்கு அதுவே நாற்று. ஆகவே இன்று வயலில் நிற்கும் செடி, பாட்டன் நட்ட அதே செடியின் தொடர்ச்சி. தாய்க்கிழங்கின் பக்கத்தில் முளைக்கும் கன்று ஓஹா. குடும்பத்தைக் குறிக்கும் ஓஹனா என்ற சொல் இதிலிருந்து வந்தது. வாகேயா என்ற வானத் தந்தையின் முதல் பிள்ளை இறந்தே பிறந்தது, புதைத்த இடத்தில் கலோ முளைத்தது, அடுத்துப் பிறந்த ஹாலோவா மனிதகுலத்தின் மூதாதை ஆனான் என்பது அவர்கள் தொல்கதை. அந்தக் கணக்கில் கலோ மனிதனுக்கு அண்ணன். கலோவை இடித்துச் செய்யும் களியின் பாத்திரம் திறந்திருக்கும்போது அதன் முன் சண்டை போடக்கூடாது என்ற வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு.

அண்ணனானாலும் வேகாமல் தின்றால் தொண்டை அரிக்கும். அந்த அரிப்புக்கு மனே’ஓ என்று தனிச்சொல் இருக்கிறது. நன்றாக வெந்த கிழங்கைத் தோல் சீவி, பலகையில் வைத்து, கல்லால் இடித்துக்கொண்டே கையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுப் புரட்டுவார்கள். தண்ணீர் சேர்க்காத கெட்டிப் பதம் பா’இ ஆய். தண்ணீர் விட்டு இளக்கினால் பொய். (தமிழ்க் காதுக்கு இந்தப் பேர் சங்கடம்தான், என் செய்வது.) ஓரிரு நாளில் புளிக்கும், புளித்ததை விரும்பிக் கேட்பவர்களும் உண்டு. கல்லும் பலகையும் சுகாதார விதிக்கு ஒத்துவராததால் கையால் இடித்த பா’இ ஆயைக் கடையில் விற்க நெடுநாள் தடை இருந்தது. 2011இல் மாநிலச் சட்டம் அதற்கு வழிவிட்டது.

கடற்கரையில் சொல் இன்னும் கூர்மை பெறுகிறது. மடவை மீனுக்கு ஒரே பேர் கிடையாது. விரல் நீளக் குஞ்சு புஅ அம. கையளவு வளர்ந்தால் கஹஹ. சாப்பாட்டுக்கு ஆகும் பருவத்தில் அம’அம. ஓரடியைத் தாண்டிய முதிர்ந்த மீன் அனயே. காரணம் குளத்தில் இருக்கிறது. கரையோரக் கடலை வளைத்துக் கற்சுவர் எழுப்பி லோகோ இ’அ என்ற மீன்குளம் கட்டினார்கள். ஓஆஹு தீவின் ஹே’எயியா குளம் 88 ஏக்கர். சுவரில் மாகாஹா என்ற மரச்சட்டக் கதவு. சட்டங்களின் இடைவெளியில் குஞ்சுகள் அலையேற்றத்தோடு நுழைந்துவிடும். உள்ளே பாசி மேய்ந்து பருத்தபின் வெளியேற முடியாது. முட்டையிடக் கடல் தேடும் பருவத்தில் பெரிய மீன்கள் தாமாகவே கதவருகே வந்து முட்டும். எதைப் பிடிக்கலாம், எதை விடவேண்டும் என்பதைக் குளத்துக் காவலர் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். மோய் என்ற மீனுக்கும் இப்படிப் பருவப் பேர்கள் உண்டு. நம் காலா மீனின் குடும்பம் அது; சிறு வயதில் ஆணாக இருந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும். பெரியதை மட்டுமே குறிவைத்துப் பிடித்தால் முட்டையிட மீன் இராது. இன்றைய மாநில விதியிலும் மடவைக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை, மோய்க்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தடைக்காலம்.

காற்றுப் பேர்கள் ஊரோடு ஒட்டியவை. ஒரு காற்றை அதன் ஊரிலிருந்து பிரித்து அகராதியில் போட்டால் பாதிப் பொருள் போய்விடும். மாவுயித் தீவின் லஹைனாவில் மலையிலிருந்து பள்ளத்தாக்கு வழியே பாய்ந்து இறங்கும் முரட்டுக் காற்றுக்கு கௌஆ’உலா என்று பேர். அந்தப் பேரைக் கேட்டாலே கூரையைப் பார்த்துக்கொள்ளும் ஊர் அது. 1858இல் அங்கிருந்த வைனே’எ தேவாலயத்தின் கோபுரத்தைச் சாய்த்தது அது. 1951இல் மறுபடி அந்தக் கட்டடத்தைக் குலைத்தது. 2023 ஆகஸ்டில் லஹைனாவை எரித்த தீயை ஊருக்குள் விரட்டியதும் மலைச்சரிவில் இறங்கிய காற்றுதான். அந்தத் தேவாலயம் வையோலா என்ற புதுப்பெயரோடு நின்றது, அதுவும் எரிந்தது.

எரிமலைக் குழம்பு உறைவதில் இரண்டு விதம். கரடுமுரடாக, வெறுங்காலைக் கிழிப்பது அ’ஆ. வழவழப்பாகக் கயிறு முறுக்கியதுபோல் உறைவது பாஹோயெஹோயெ. எதன்மேல் நடக்கலாம் என்று அறிய வேண்டியிருந்தவர்கள் வைத்த இந்த இரு பேர்களைத்தான் உலகப் புவியியல் நூல்கள் எல்லாம் எடுத்துக்கொண்டன.

1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தபின் ஒரு தலைமுறைக்குள் வீடுகளிலும் மொழி ஒடுங்கியது. அகராதியில் மிஞ்சியவற்றுக்குப் பெருமளவு காரணம் மேரி கவெனா புகுயி. 1895இல் கஊ மாவட்டத்தில் பிறந்து, தாய்வழிப் பாட்டியிடம் வளர்ந்தவர். சாமுவேல் எல்பர்ட்டோடு சேர்ந்து 1957இல் அவர் வெளியிட்ட அகராதி இன்றும் கைநூல். அதில் ஓ’ஓ என்ற பறவையின் பேரும் இருக்கிறது. தலைவர்களின் மேலாடைக்கு மஞ்சள் இறகு தந்த பறவை. கூவும் ஒலியே பேர். கவுவாய்த் தீவில் அதன் கடைசிக் குரல் கேட்டது 1987இல்.

1978இல் மாநில அரசமைப்பு ஹவாய் மொழியை ஆட்சிமொழியாக்கியது. 1984இல் முதல் ஹவாய்மொழி மழலைப்பள்ளி திறந்தது. பள்ளி வந்ததும் கணினிக்குச் சொல் வேண்டியிருந்தது: லொலொஉயிலா. லொலொ மூளை, உயிலா மின்சாரம். இரண்டு லொவும் குறில். நெடிலாக இழுத்தால் மந்தபுத்தி என்று பொருள் மாறிவிடும்.

குறில் நெடில் தொல்லை பழைய இதழ்களைப் படிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். 1834 முதல் 1948 வரை ஹவாய் மொழியில் நூற்றுக்கு மேற்பட்ட செய்தித்தாள்கள் வந்தன. ஒரு லட்சத்துக்கு மேல் பக்கங்கள். அவற்றில் நெடிற்குறியும் இல்லை, தொண்டையடைப்புக் குறியும் இல்லை. பஉ என்றால் முடிந்தது. ப’உ என்றால் கரி. ப’ஊ என்றால் ஈரம். பா’ஊ என்றால் பாவாடை. தமிழில் எழுதினால் நான்கும் தனித்தனியே தெரிகின்றன. ரோமன் எழுத்தில் அச்சான பழைய தாளில் நான்கும் ஒன்றே. 2011இல் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அந்தப் பக்கங்களைக் கணினியில் தட்டச்சு செய்ய முன்வந்தார்கள். தட்டியது அச்சில் உள்ளபடியே. ஒவ்வொரு இடத்திலும் அது கரியா, பாவாடையா என்று தீர்மானிப்பது படிப்பவர் பாடு.